தாடிக்காரர் பெயர் இருந்த வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

"பொண்ணை நாங்க பாத்துக்கறோம் சார்" என்று உங்களிடம் போனில் சொன்னாரே, என் பக்கத்து சீட் தாடிக்காரர், அவர் போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் புரோகிராம் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி உண்டு. கடைசியாகத் திருத்தி ஏற்றியவர் பெயரைக் கம்ப்யூட்டரே அதில் போட்டுக்கொள்ளும். முந்தைய பெயர் போய்விடும். அவர் பெயர் ஒரே ஒரு கோப்பில்தான் மிச்சமிருந்தது. அதில் வேறொரு வரியைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். மேனேஜர், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல வந்து நின்றார்.

"ஒரு வரிதானேம்மா, இன்னும் என்ன பண்றே?"

நேற்று முடித்துவிட்டேன். கண்ணெதிரே அவர் பெயர் போய் என் பெயர் வந்து உட்கார்ந்தது. பழைய பிரதிகளில் அவர் பெயர் இருக்கும்தான். யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள்?

இங்கே குளிர் அதிகம். என் பச்சைப் போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பா, அம்மா போன பிறகும் கரண்ட் பில் அவள் பெயரில்தானே வருகிறது? அண்ணன் மாற்றச் சொன்னால், நான் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்