எண்ணெயின் வயது

ஆகஸ்ட் 9

காலையிலேயே கோமஸ் போன் செய்தார். நான் எழுதும் சுற்றுலாக் கையேட்டில் கடற்கரைப் பகுதி செத்துக் கிடக்கிறதாம். "சாப்பாடு நல்லா இருக்கு, ராத்திரி ஆட்டம்பாட்டம் எல்லாம் நல்லா இருக்கு, கடற்கரையைப் படிச்சா தூக்கம் வருது மிஸ் யூனிஸ். நம்ம ஊர்க்காரங்க பேசற மாதிரி எழுதுங்க. கொஞ்சம் கடிங்க" என்றார்.

பதிப்பாளர் சொன்னால் கடிக்க வேண்டியதுதான். இருபத்தைந்து வருடம் மிஸ் பான்டினாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கப்பலில் வந்து இறங்குகிறவனுக்கு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் எங்கே தின்பது, எங்கே குளிப்பது, எங்கே ஆடுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளாவது பரீட்சைக்குப் பயந்து கேட்டார்கள்.

ஆகஸ்ட் 12

அவென்யூவை முடித்துவிட்டேன். பதினோரு மதுக்கடை, நான்கு நாள், ஒரு ஈரல். 'பத்து மணிக்கு முன்னால் போனால் நாற்காலியோடுதான் ஆட வேண்டியிருக்கும்' என்று ஒரு கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு கோமஸ் போனில் இருமும்வரை சிரித்தார். அந்தக் கடைக்காரனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அவன் இந்த ஊர்க்காரனே இல்லை.

ஆகஸ்ட் 15

மராக்கஸ் கடற்கரைக்குப் போயிருந்தேன். மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் பஸ், பக்கத்து சீட்டில் ஒருத்தி மடியில் தர்பூசணி. வெல்மா கஜோவின் மீன்ரொட்டிக் கொட்டகை கடைசியிலிருந்து மூன்றாவது. நான் மணலில் கால் வைப்பதற்குள் கத்தினாள், "வாடி யூனிஸ், கடல் பின்னால போகுது பாரு. நீ இறங்கிடுவியோன்னு பயந்துட்டு." கடை திறக்கக் காத்து வரிசையில் நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். உன் மூஞ்சியைப் பார்த்தே சுறா செத்துப்போகுது, உனக்கு எதுக்கு மீன்காரன் என்று நான் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

கான்வென்ட்டில் பதினோரு வயதில் சேர்ந்த நாளிலிருந்து முப்பத்தொன்பது வருடமாக இப்படித்தான். ஒருவரை ஒருவர் கேலியால் குத்தும் இந்தப் பிக்காங்குக்கு ஒரே சட்டம்: முகம் மாறினவர் தோற்றார். எங்கள் இருவரில் யாருக்கும் இதுவரை மாறியதில்லை.

அவள் கடையைத் திறந்தபோது கூடவே இருந்தேன். நேற்றைய எண்ணெயை சோப்புக் காய்ச்சுகிறவனுடைய தகரத்தில் ஊற்றினாள், சட்டியைச் சுரண்டித் துடைத்தாள், புது எண்ணெய் ஊற்றினாள். தினமும் காலையில் இதே வேலை. சின்ன ரொட்டி, பெரிய சுறாத் துண்டு, ஷாடோ பெனி இலைச் சட்னி. இந்தக் கடற்கரையில் அவளுடையதுதான் நல்ல கடை. அவளை எனக்குப் பிடிக்காத நாட்களிலும் இது உண்மை.

ஆகஸ்ட் 17

அவளை எனக்குப் பிடிக்காத நாட்கள் என்று எழுதியிருக்கிறேன். எப்போதிலிருந்து?

ஜூனிலிருந்து. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். வெல்மா ரம் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். "யூனிஸ் வீட்ல மூணு ரூம். ஒண்ணுல யூனிஸ், ஒண்ணுல புஸ்தகம், ஒண்ணுல இன்னும் வராத புள்ள."

முதலில் சிரித்தது நான்தான். யூனிஸைப் போலத் தாங்குகிறவள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று எல்லோரும் போன பிறகும் வெல்மா இருந்தாள், அத்தனை தட்டையும் கழுவி, துடைத்து, அடுக்கிவைத்து, என் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

குழந்தை தங்காமல் போன இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் என் கூட இருந்தவள் அவள். இரண்டாவது தடவை துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தவளும் அவள்தான், நான் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும்தான் அந்த வரி கிடைத்திருக்க முடியும். எடுத்து ஊருக்குப் பரிமாறிவிட்டாள்.

ஆகஸ்ட் 18

வெல்மா கடைக்கான குறிப்பை எழுதி முடித்தேன்:

'வெல்மாவின் கொட்டகையில் சுறாவுக்கு முன் உங்களைக் கடிப்பது வெல்மாவின் நாக்கு. ரொட்டி உங்கள் முழங்கையை விடப் பெரிதல்ல, ஆனால் அதை விட மென்மை. எண்ணெயின் வயதை மட்டும் கேட்காதீர்கள். மூத்த பெண்மணிகளிடம் வயது கேட்பது மரியாதை அல்ல.'

எழுதும்போது சிரிப்பு வந்தது. நன்றாக வந்திருக்கிறது. ஊர்க்காரன் படித்தால் இது செல்லம் என்று தெரிந்துகொள்வான்.

ஊர்க்காரன் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவதில்லை.

செப்டம்பர் 2

எண்ணெய் வரிதான் புத்தகத்திலேயே சிறந்த வரி என்கிறார் கோமஸ். அதற்குத் தனியாகக் கட்டம் போடுகிறாராம்.

நவம்பர் 6

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதியை வெல்மாவுக்குக் கொண்டுபோனேன். கையை ஏப்ரனில் மூன்று தடவை துடைத்துவிட்டு வாங்கினாள். வரிசையை நிறுத்திவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். எண்ணெய் வந்ததும் ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். "சரிடி. இதுக்கு உனக்கு இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, கொட்டகைக் கம்பத்தில் எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டினாள். அச்சில் தன் பெயரை இதுவரை பார்த்ததில்லையாம்.

நவம்பர் 22

நேற்று சீசனின் முதல் கப்பல். சுற்றுலா பஸ் ஓட்டும் ராம்தாத்தைச் சந்தையில் பார்த்தேன். வருடா வருடம் போல நேராக வெல்மா கடையில் நாற்பது பேரை இறக்கியிருக்கிறான். எல்லார் கையிலும் என் புத்தகம், கப்பலிலேயே இலவசமாகக் கொடுத்தார்களாம். ஒரு கிழவர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார். வெல்மா விடுவாளா? "கொலம்பஸ் இறங்கினப்ப மாத்தினது சார். அவர் ஒண்ணும் புகார் பண்ணலியே."

நம்மூர்க்காரன் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவர்கள் சிரிக்கவில்லை. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் கடைசியில் இருக்கும் நீலக் கொட்டகைக்கு நடந்துவிட்டார்கள். ராம்தாத் இதைத் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். நான் பூசணிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 4

இனிமேல் நீலக் கொட்டகையில்தான் நிறுத்த வேண்டும் என்று ராம்தாத்துக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

டிசம்பர் 13

பயணி யாரோ எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். சுகாதார அதிகாரிகள் இன்று ஜீப்பில் வந்தார்கள். சட்டி, எண்ணெய், தண்ணீர்த் தொட்டி, வெல்மாவின் நகம் வரை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ஆனால் சனிக்கிழமை, நடுப்பகல், ஒரு மணி நேரம் அந்த ஜீப் அவள் கொட்டகை வாசலில் நின்றது. கடற்கரை முழுதும் பார்த்தது. குறையில்லை என்ற காகிதத்தை யார் பார்த்தார்கள்?

டிசம்பர் 14

அவள் போன் செய்து என்னைத் திட்ட வேண்டும் என்று நாள் முழுதும் காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டுவேன். ஜூனைச் சொல்வேன். மூன்று ரூமையும் சொல்வேன்.

செய்யவில்லை. செய்ய மாட்டாள். செய்தால் தோற்றவள் அவள். எனக்கு அது தெரியும், அதனால்தான் காத்திருக்க முடிகிறது.

ஜனவரி 8

மராக்கஸ் போனேன். கம்பத்தில் அந்தப் பக்கம் இல்லை, பசையின் தடம் மட்டும் இருந்தது. வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை, நான்கு பேர். அதில் ஒரு தடியன் கேட்டான், "ஆன்ட்டி, இன்னிக்கு எண்ணெய்க்கு எத்தனை வயசு?"

"உங்கம்மா ஞானஸ்நானத்துக்கு வாங்கினதுப்பா" என்றாள் வெல்மா. சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதுதான் திருப்பிய சுறாத் துண்டை மறுபடி திருப்பிப் போட்டாள். அது வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

அவர்கள் போன பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ பார்த்தியே யூனிஸ். நான் தினமும் மாத்தறத நீ கூடவே இருந்து பார்த்தியே."

பிக்காங் இல்லாமல் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும், ஆஸ்பத்திரியைத் தவிர. பதில் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. நான் சொன்னது இது:

"பிக்காங்தானேடி. ஐயோ பாரு, மூஞ்சி மாறுது."

எழுந்தாள். அடுப்பை மறுபடி ஏற்றினாள். சட்டி காயும்வரை திரும்பவே இல்லை.

ஜனவரி 9

ஜெயித்துவிட்டேன். முப்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, தேநீர்கூட.

ஜனவரி 27

கோமஸ் போன் செய்தார். முதல் அச்சு தீர்ந்துவிட்டது. கார்னிவலுக்குள் இரண்டாவது அச்சு, திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எண்ணெய் வரியைப் பின் அட்டையில் பெரிய எழுத்தில் போடப்போகிறாராம், புத்தகத்தை விற்பதே அதுதானாம். அது கேலி, நிஜம் இல்லை என்று சொன்னேன். அவர் சொன்னார், "உங்களுக்கு வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன். எனக்கு நஷ்டம்தான், ஆனா எடுத்துடறேன்."

நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனவரி 30, வெள்ளி

தலைவலி. மழை. போன் வேலை செய்கிறதா என்று மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது.

உண்மையை எழுதுகிறேன், இங்கேயும் பொய் எதற்கு. என் ஐம்பது வருடத்தில் நான் சொன்ன ஒன்றைக்கூட இந்த ஊர் திருப்பிச் சொன்னதில்லை. இப்போது டாக்சியில் சொல்கிறார்கள், அவென்யூவில் சொல்கிறார்கள். அவளுடைய வரியை முப்பது பேர் கேட்டார்கள். அந்த முப்பது பேரும் மறுநாள் மறந்திருப்பார்கள். நான்தான் மறக்கவில்லை. என்னுடையதை யாரும் மறக்கக் கூடாது.

அவள் கடை போய்விடும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மணி ஐந்தாகிவிட்டது. கோமஸ் அலுவலகத்தை மூடியிருப்பார்.

பிப்ரவரி 12

இரண்டாவது அச்சு வந்தது. பின் அட்டை மஞ்சள்.

பிப்ரவரி 25

சாம்பல் புதன். கார்னிவலில் இரண்டு நாள் தெருவில் ஆடிய ஊர் மொத்தமும், நெற்றியில் சாம்பலும் கால்களில் வலியுமாக மராக்கஸுக்குப் போகும் நாள். வருடத்திலேயே அதிக வியாபாரம் நடக்கும் நாள். நான் போகவில்லை. சாயங்காலம் ராம்தாத் வந்தான், கேட்காமலேயே சொன்னான். வெல்மாவின் கொட்டகையில் தகரம் இறங்கிப் பூட்டுத் தொங்குகிறதாம். போன வாரமே அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

பெயர்ப் பலகையை எடுக்க மட்டும் ஆள் வைக்கவில்லையாம், தானே ஏணி போட்டு ஏறி எடுத்தாளாம்.

மார்ச் 4

அழுதேன். அவளுக்காகவா எனக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 20

பஸ்ஸில் போகும்போதே யோசித்து வைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எங்கள் வழியிலேயே ஆரம்பிக்க வேண்டும், அவள் திருப்பி என்னைக் கிழிக்க வேண்டும், வாய்க்கு வந்தபடி, ஜூனை விட மோசமாக, கடற்கரையே கேட்கும்படி. நான் நின்று வாங்கிக்கொள்வேன். முகம் மாற விடுவேன்.

வெல்மா நீலக் கொட்டகையில் இருந்தாள். கூலிக்கு மாவு பிசைகிறாள். அந்தக் கடை பெயர் போட்ட நீல ஏப்ரன், தலையில் நீலத் துணி. பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள், பாதிப் பேர் எங்களை வருடக்கணக்கில் பார்த்தவர்கள். நான் மணலிலிருந்தே கத்தினேன், "ஏண்டி வெல்மா, அந்த ஏப்ரன்ல நீ தார்ப்பாய் போட்டு மூடின படகு மாதிரி இருக்கே."

வரிசை அவள் பக்கம் திரும்பியது. பதிலுக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"குட் மார்னிங், மிஸ் பான்டின். நல்லா இருக்கீங்களா? வெயில்ல நிக்காதீங்க, அங்க நிழல்ல உட்காருங்க. நான் கொண்டு வரச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தாள். தட்டு, மடித்த காகிதத் துண்டு, தனிக் கிண்ணத்தில் சட்னி. கொஞ்ச நேரம் கழித்து அவளே மேஜைப் பக்கம் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா, வேறு ஏதாவது வேண்டுமா மேடம் என்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை, தேடிப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ரொட்டி சூடாக இருந்தது. முழுவதையும் தின்றேன். மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.