தலைமுடியின் நிறை

மாமா,

இன்று காலை தலையை முழுதாக மழித்துவிட்டேன். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நெற்றிப்பக்கம் வெட்டவெளியாகி, பின்பக்கம் மட்டும் வேலி மாதிரி நின்ற முடியைப் பார்க்க எனக்கே அலுத்துப்போயிற்று. பாட் கான்ஸ்டாட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் இருவரும் சேர்ந்து போய்வந்த அதே துருக்கிக்காரரின் கடைதான். அவர் மெஷினை நெற்றியில் வைத்து ஒரே இழுப்பாகப் பிடரி வரைக்கும் இழுத்தார். வேலை முடிந்து கீழே பார்த்தால் ஒரு கைப்பிடி நரைமுடி கிடந்தது. அதைக் கூட்டி அள்ளும்போது அவர் கையில் ஏதும் பாரம் இருந்ததாகவே தெரியவில்லை.

முடிக்கு என்ன நிறை இருக்கும், மாமா? கதிரையில் இருந்தபடியே உங்களிடம் கேட்டுக்கொண்டேன். துருக்கிக்காரர் வழக்கம்போலத் தேநீர்க் கிளாஸை நீட்டினார். அந்தக் கடையில் தேநீர் குடிக்காமல் எழும்ப விடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ஐயோ தம்பி, இதென்ன கோலம்? அப்பிடியே இவரைப் போலக் கிடக்கு!”

அவர் கை காட்டியது சுவரில் இருக்கும் உங்கள் கல்யாணப் படத்தை. கொழும்பில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தது. மாமி பட்டுச் சேலையும் புதுத் தாலிக்கொடியுமாக இருக்கிறார். பக்கத்தில் நீங்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டி, மொட்டைத் தலையோடு விறைப்பாக நிற்கிறீர்கள். முதல்முறை வீட்டுக்கு வருகிற எவரும் புதுமாப்பிள்ளை ஏன் மொட்டை என்று கேட்காமல் போனதில்லை. கேட்டால் போதும், மாமி தொடங்கிவிடுவார்.

“இவர் சிலோன் சாம்பியன். பொக்சிங்கில, மிடில்வெயிட்டில, இவருக்கு முன்னால நிக்க ஆளில்லை. வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கேக்க, நேர்த்தி வைச்சு மொட்டை அடிச்சுப்போட்டுப் போனவர். அந்தச் சிங்கள மாஸ்டர் இவரை வெட்டிப்போட்டுத் தன்ர ஆளை அனுப்பினவன். தமிழன் எண்டதாலதான்.”

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? பிற்காலத்தில் எங்களுக்கு நடந்தவை எல்லாம் உண்மை. எரிந்த கடையும் உண்மை, அகதி முகாமும் உண்மை, நாங்கள் ஜேர்மனிக்கு ஓடி இந்த ஸ்டுட்கார்ட்டில் வந்து விழுந்ததும் உண்மை. அவ்வளவு பெரிய உண்மைகளுக்கு நடுவில் இந்தச் சின்னக் கதையை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? நீங்கள் மூலைக் கதிரையில் இருந்து உங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெரிய மனிதரின் அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

துறைமுக வேலைக்கென்று கொழும்புக்குப் போன நீங்கள், உங்கள் நீளமான கைகளைப் பார்த்த யாரோ கூட்டிப்போக, குத்துச்சண்டை மண்டபத்துக்குள் நுழைந்தீர்களாம். அதற்குப் பிறகு ஐம்பதுகளில் சில வருடங்கள் தொடர்ந்து இலங்கையின் மிடில்வெயிட் பட்டம் உங்களிடம்தான் இருந்தது. உங்கள் அடி எல்லாம் விலாவுக்குத்தான். “தலையில அடிச்சால் ஆளுக்குக் கோவம் வரும், விலாவில அடிச்சால் மூச்சுப் போகும்” என்பீர்கள். கப்புகளும் பத்திரிகைத் துண்டுகளும் ஊரை விட்டு ஓடிய ஓட்டத்தில் தொலைந்துபோயின. மிஞ்சியது அந்த மொட்டைப் படமும் மாமியின் வாயும்.

தொண்ணூறுகளில் நீங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை என்றால் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை போகும். நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பீர்கள். வர்ணனையாளருக்கு ஒன்றும் தெரியாது என்பது உங்கள் தீர்ப்பு. நான் பியரும் நீங்கள் வெறும் தேத்தண்ணியுமாக இருப்போம். சால்வைக்குள் உங்கள் இடது தோள் அசையும். ஆனால் போட்டிக்கு முன்னால் வீரர்களைத் தராசில் ஏற்றி நிறுப்பதைக் காட்டினால் மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவீர்கள். ஆம்பிளைகள் உள்ளாடையோடு நிற்பதைப் பார்க்க வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நோய் உங்களை உருக்கத் தொடங்கிய காலத்தில்தான் டொக்டரைப் பார்க்கக் குறித்த அந்த டெர்மின் நாள் வந்தது. வேலையில் லீவு போட்டு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் உங்களைத் தராசில் நிற்கச் சொன்னார். இலக்கத்தைப் பார்த்தீர்கள். கிலோவை அந்தக் காலத்து இறாத்தலாக்கி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்கள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

“இப்ப சரி, தம்பி. இப்ப நிறை சரி.”

அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது எஸ்-பான் ரயிலில், நெக்கார் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். எங்கள் நிறுத்தம் வந்தும் நாம் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தோம்.

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டிக்குச் சற்று முன்னால், ஊரில் சாத்திரியார் உங்கள் கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டார். தள்ளிப் போடச் சொன்னீர்கள். யார் கேட்டது? தாலி கட்டிய மறுநாளே விருந்து தொடங்கியது. இன்று பெரியம்மா வீடு, நாளை சின்ன மாமா வீடு. புதுமாப்பிள்ளை இலையைக் கையால் மறைத்தால் அந்த வீட்டுக்கு மரியாதைக் குறைவு. நீங்கள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கடற்கரை வீதியில் ஓடினீர்கள். கடைசி இரண்டு நாளும் வயிற்றுக் குத்து என்று பொய் சொல்லித் தேசிக்காய்த் தண்ணீரில் இருந்தீர்கள். கொழும்புக்கு ரயில் ஏறும்போது, ஒன்றும் தின்னாமல் போய்ச் சேர்ந்தால் நிறை மிடில்வெயிட் எல்லைக்குள் மட்டுமட்டாக நிற்கும் என்பது உங்கள் கணக்கு.

அனுராதபுரம் தாண்டியதும் மாமி பொட்டலத்தை அவிழ்த்தார். விடியமுன் எழும்பி, தாயின் உதவி இல்லாமல், உங்களுக்கென்று தன் கையால் முதன்முதலில் சமைத்தது. பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் பொரித்த மிளகாயும்.

“இலையில வைச்சுத் தந்துபோட்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறா, தம்பி. சின்னப் பிள்ளை. வேண்டாம் எண்டால் அவவின்ர முகம் என்னமாய்ப் போகும்? சாப்பிட்டன். வடிவாய்ச் சாப்பிட்டன். முடிஞ்சதும் ‘இன்னும் இருக்கோ?’ எண்டும் கேட்டன்.”

இருந்தது.

மறுநாள் காலை தராசின் கை மேலே போய் நின்றது. உங்கள் பயிற்சியாளரான அந்த மாஸ்டர் சிங்களவர். அவர்தான் உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பளியால் சுற்றி, கயிறு பாயச் சொல்லி, தகரப் பேணிக்குள் துப்பு துப்பு என்று சொல்லி, கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விடாமல் போராடினார். கயிறு பாய்ந்தபடியே ரயில் சாப்பாட்டை அவரிடம் சொன்னீர்கள். அவர் ஏசவில்லை. கடைசியில் ஒரு முடிவெட்டுபவரைக் கூப்பிட்டு, அந்தச் சுருட்டை முடி முழுவதையும் மழிப்பித்தார். “முடிக்கு என்ன நிறை இருக்கும்? எண்டாலும் அந்தாள் விடேல்லை” என்று சொல்லும்போது உங்கள் கை தானாகத் தலையைத் தடவியது. அப்படியும் தராசு சமப்படவில்லை. வேறொருவர் போனார். மாஸ்டர் உங்கள் மொட்டைத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

பின்னேரம் கொழும்பில் தங்கியிருந்த அறைக்குத் திரும்பினால் மாமி “நேர்த்தியோ?” என்று கேட்டார். தலையாட்டினீர்கள். அங்கே வந்திருந்த மாமியின் அண்ணன், “சிங்களவன் தரமாட்டான் எண்டு எனக்கு முதலே தெரியும்” என்றார். அதற்கும் பேசாமல் இருந்தீர்கள். வாய் திறந்தால் பிட்டைப் பற்றிச் சொல்லவேண்டி வரும்.

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சில வாரம் கழித்து, அடுத்த போட்டிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லி மாஸ்டர் உங்களைத் தேடி, கொழும்பில் நீங்கள் குடிபுகுந்த வீட்டுக்கே வந்தார். மாமி வாசலை மறித்து நின்று “அவர் இல்லை” என்றார். இருங்கோ என்று சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணி கொடுக்கவில்லை. நீங்கள் உள்ளறையில் சீலைத் திரைக்குப் பின்னால் நின்றீர்கள். இலங்கையில் யாரும் எதிர்நிற்க முடியாத அந்தக் கைகளால் அந்தத் திரையை விலக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த மண்டபத்துக்குப் போவது? நீங்கள் போகவேயில்லை. பட்டம் வேறொருவரிடம் போயிற்று.

“போட்டி போனது போகட்டும், தம்பி. அதுக்கு நான் ஒருநாளும் அழேல்லை. என்னைத் தேடி வந்த மனுசனை ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்காமல் அனுப்பிப்போட்டன்.”

பிறகு என் கையைப் பிடித்தீர்கள். “மாமி இருக்குமட்டும் அவவுக்கு இது தெரியக்கூடாது. ஆனால் மாஸ்டரிட்டைச் சொல்லவேணும். ஆள் இருக்கிறாரோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

உங்களுக்கே வயது தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தது. அவர் இருந்தால் நூறைத் தாண்டியிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. “ஓம் மாமா, பாக்கிறன்” என்றேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த சிங்கள நண்பரிடம் கேட்டேன். ஒரே தீவில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் ஜேர்மன் மொழியில்தான் கதைத்துக்கொள்வோம். கொழும்பில் இருந்த அவருடைய தம்பி பழைய மண்டபம் மண்டபமாக விசாரித்துத் திரிந்தார். மாதங்கள் போயின. நீங்கள் வைத்தியசாலைக்குப் போனீர்கள். ஒவ்வொரு முறை பார்க்க வரும்போதும் உங்கள் கண் என்னைக் கேட்கும், நான் இல்லை என்று தலையாட்டுவேன். கடைசி நாளும் அப்படித்தான் ஆட்டினேன்.

பதில் வந்தது உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிழமையில். வீடு நிறைய ஆட்கள். நான் பல்கனியில் நின்று நண்பர் சொன்னதைத் தொலைபேசியில் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், மாமா.

மாஸ்டர் எப்போதோ காலமாகிவிட்டார். மகள் இருக்கிறார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் ‘ரயிலில் சாப்பிட்ட மொட்டைப் பையனை’ நன்றாகத் தெரியும். தகப்பன் அடிக்கடி சொல்லுவாராம். உங்கள் வாசலுக்கு வந்த நாளையும் சொல்லியிருக்கிறார். மாமியின் முகத்தைப் பார்த்ததுமே, தன்னைப் பற்றி அந்த வீட்டில் என்ன நினைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒரே ஒரு வசனத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வசனம் ‘நீ கொடுத்த சாப்பாடுதான் பிள்ளை’ என்பது. புதிதாகக் கல்யாணம் செய்த பிள்ளைக்கு அதைச் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்பாராம். அதனால் வஞ்சகன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நண்பர் இதையும் ஜேர்மனில்தான் சொல்லி முடித்தார்.

அந்த அழைப்பு ஒரு மாதம் முந்தி வந்திருந்தால்! கட்டில் ஓரத்தில் இருந்து உங்கள் காதுக்குள் சொல்லியிருப்பேன். அவர் உங்கள் மேல் கோபத்தோடு போகவில்லை, நீங்கள் யாருக்காக ஒளிந்தீர்களோ அதே பிள்ளைக்காகத்தான் அவரும் பேசாமல் போனார் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றபடியே போய்விட்டீர்கள். இதற்கு ஆறுதல் ஏதும் எனக்குத் தெரியாது.

இன்றைக்கும் மாமி மொட்டையில் தொடங்கி மாஸ்டரில் வந்து நின்றார். “அந்த வஞ்சகன்” என்றார். ஒரு பாவமும் அறியாத மனிதர் என் வீட்டுக்குள் வருடக்கணக்காக ஏச்சு வாங்குகிறார். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என் வாயை அடைக்கிறது. ஆனால் இன்று தலையில் முடி இல்லாததாலோ என்னவோ கொஞ்சம் துணிவு வந்தது.

“மாமி, என்னவாய் இருந்தாலும் வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்திருக்கலாம்.”

என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஓம் தம்பி. குடுத்திருக்கலாம். நல்ல வெய்யில். அந்தாள் வேர்த்துப்போய் வந்து நிண்டவர். அது எனக்கு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடக்கு.”

வஞ்சகன் ‘அந்தாள்’ ஆகிவிட்டார், மாமா. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. உங்களுக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை.

பிறகு மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் போனார். இந்த வயதிலும் அடுப்பை யாரிடமும் விடுவதில்லை. என்னை இருக்கச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் இப்போது சீனி வருத்தம், டொக்டரின் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, காலையில் ஏறி நிற்க ஒரு தராசு எல்லாம் உண்டு.

“மொட்டையோட உங்களைப் பாக்க எனக்கு அந்த ரெயில்தான் ஞாபகம் வருது. நான் குடுத்ததை அண்டைக்கு எப்பிடிச் சாப்பிட்டவர் தெரியுமே? பிறகு எத்தினை தரம் சமைச்சிருப்பன். அப்பிடி ஒருநாளும் சாப்பிடேல்லை. அவரின்ர கப்பெல்லாம் துலைஞ்சு போச்சு, தம்பி. என்ர கப் அதுதான்.”

சொல்லிவிட்டு எதிரே இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசித் துணுக்கு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன்.

“இன்னும் இருக்கோ, மாமி?” என்று கேட்டேன்.

இருந்தது, மாமா.