ஏ.சி. அறைச் சுருதி

பிப்ரவரி 4

அன்புள்ள ஆகாச மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோணும். கிழிச்சுட்டா ஒட்டிப் படி. போன் பண்ணினா என் நம்பரைப் பார்த்துட்டு எடுக்க மாட்டேங்குறே, அதான் கடுதாசி. நாலாங்கிளாஸோட நின்னவன், எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ.

இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்குப் பல்லு மேல நாலு, கீழ மூணு. ரெண்டு பக்கமும் இன்னும் கூட்டணி அமையல.

உன் அக்காவுக்குத் தொண்டையில ஒரு ஆபரேஷன் ஆச்சு. இப்ப பேச்சு வராது. நாப்பது வருஷமா நான் கும்பிடாத சாமி இல்ல, இப்பத்தான் ஒண்ணு காது குடுத்திருக்கு. ஆனா நோட்டுல எழுதித் திட்டுறா. வாயால திட்டினா காத்தோட போயிடும், இது அழியாம நிக்குது.

தூக்கம்தான் இல்ல அவளுக்கு. நம்ம நட்சத்திரக் கொட்டகைக்கு நீ போட்டுக் குடுத்த பாட்டு வேணுமாம். ஆளும் பாடாது, தாளமும் இருக்காது, அந்தப் பாட்டு. நான் மிஷினைத் திருப்பி சனி கிரகத்தைக் கொண்டு வருவேன், நீ அதைப் போடுவே, கூட்டத்துல பாதி குறட்டை விடும். பழைய கேசட்டு நாடா சிக்கி அறுந்துபோச்சு. புதுசா ஒண்ணு போட்டு அனுப்பு.

அன்னிக்கு மேடையில பேசினதை இன்னுமா மனசுல வெச்சிருக்கே? ஆறு வருஷமாச்சே.

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 13

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குப் பேச்சு வரவில்லை என்பதை நான் நம்ப வேண்டுமா? அக்கா மயங்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி என்னைச் செருப்பில்லாமல் ஓடிவர வைத்து, வாசலில் பிறந்தநாள் கேக்குடன் நின்றவர் நீங்கள்.

நீங்கள் நட்சத்திரக் கொட்டகை என்று சொல்லும் கோளரங்கத்தின் வெள்ளிவிழாவில் மைக்கைப் பிடித்து, "என் மச்சான் பாட்டுன்னு ஒரு வாரமா ரசிச்சுக் கேட்டேன், கடைசியில பார்த்தா ஏ.சி. ரிப்பேரு" என்றீர்கள். அரங்கமே சிரித்தது. அதைக்கூட மறந்திருப்பேன். முன்வரிசையில் அக்காவும் சிரித்தாள்.

நான் இப்போது இசையமைப்பதில்லை. சின்தசைசர் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள் மைத்துனன்


மார்ச் 1

மச்சான்,

உன் அக்கா கட்டில்ல இருந்து என்னையே பார்த்துக்கிட்டிருக்கா. கண்ணாடி போடல, அந்தத் தைரியத்துல எழுதுறேன்.

உன் பதிலை அவகிட்ட காட்டல. தபால்காரர் மணி கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்றா, அதை எத்தனை நாள் பார்க்குறது? நட்சத்திரக் கொட்டகைக்குப் போனேன். வாட்ச்மேன் பழைய ஆளு, விட்டுட்டார். கூரைக்குப் பின்னாடி ஏ.சி. ரூம்ல, ஓடுற மிஷின் பக்கத்துல போனை நீட்டிக்கிட்டு நாப்பது நிமிஷம் நின்னேன். நடுவுல தும்மல் வந்துச்சு, மூக்கைப் பிடிச்சு அடக்கினதுல கண்ணுல தண்ணி வந்திருச்சு. அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து, 'தம்பி அனுப்பியிருக்கான்'னு தலைமாட்டுல போட்டேன்.

மூணு மணி நேரம் தூங்கினா மச்சான். எந்திரிச்சதும் நோட்டுல என்ன எழுதினா தெரியுமா? 'நடுவுல ஒரு இடம் வருது. அங்க அவன் ரொம்ப யோசிச்சிருக்கான்.' அது நான் தும்மலை அடக்கின இடம்.

எனக்குச் சிரிப்பு வரல.

இது விளையாட்டு இல்ல. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க'ன்னார். அவகிட்ட, கட்டியை முழுசா எடுத்தாச்சு, சுத்தம்னு சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு நன்றி எழுதியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. கீழ எழுதுறது அவதான். கையெழுத்து உனக்குத் தெரியும்ல.

தம்பி, கேட்டேன். தூங்கினேன். உன் கோபம் போயிடுச்சுன்னு புரிஞ்சுது. அக்கா.


மார்ச் 12

அன்புள்ள அத்தான்,

அக்காவின் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. நம்புகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். படம் ஓடும்போது அந்த ஏ.சி.யை நிறுத்த வழியே கிடையாது. அதனால் அதன் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு, அதன் மேல்தான் என் இசை முழுவதையும் கட்டினேன். யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் நீங்கள் அதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்துவிட்டதாக நினைத்தேன். வலித்தது அதனால்தான். அக்கா முழுக்க ஏமாறவில்லை. என் பாட்டில் பாதியைக் கேட்டிருக்கிறாள்.

மீதியை அனுப்பியிருக்கிறேன். பெட்டியைப் பிரித்து ஆறு நாள் உட்கார்ந்தேன். தூங்குவதற்கென்றே செய்தது, திடீர்ச் சத்தம் எதுவும் வராது. நேரில் வர முகமில்லை. அக்கா 'வா' என்று ஒரு வார்த்தை எழுதட்டும், அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

தங்கள் மைத்துனன்


ஏப்ரல் 2

மச்சான்,

காரியம் எல்லாம் முடிஞ்சு நீ கிளம்புறப்ப பஸ் ஸ்டாண்டுல ஒண்ணே ஒண்ணு கேட்டே, 'அத்தான், பாட்டைக் கேட்டாளா?'ன்னு. 'கேட்டா'ன்னேன். அதுக்கு மேல வாய் வரல. ஊரையே கிண்டல் பண்ணுற வாய், இதுக்கு வரல. அதான் எழுதுறேன்.

உன் பார்சல் அவ போறதுக்கு மொத நாள் காலையில வந்துச்சு. 'தம்பி இன்னொண்ணு அனுப்பியிருக்கான்'னு போட்டுவிட்டு, கால்மாட்டுல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்து நோட்டைக் கேட்டா. 'இதுல தம்பி அழறான்'னு எழுதினா.

"சளி பிடிச்சிருக்கும்"னேன்.

'போன பாட்டுல நிம்மதியா இருந்தானே. அதுக்குள்ள யார் என்ன சொன்னா அவனுக்கு?'

நான் துணியையே மடிச்சேன், ஒரே சட்டையை நாலு தடவை. அவ மறுபடியும் எழுதி நீட்டினா. 'நான் பிழைக்க மாட்டேனா?'

ஒரு கேலி தேடினேன் மச்சான். ஆயுசு பூரா எனக்குப் பைக்குள்ள கையை விட்டா வரும். அன்னிக்கு ஒண்ணும் வரல. ஆமான்னு தலையாட்டினேன்.

அவ அழல, கோபப்பட்டா. 'ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் சொல்லலையா'ன்னு பென்சில் முனை உடையுற மாதிரி எழுதினா. அப்புறம் ஏ.சி. சமாச்சாரத்தையும் சொல்லிட்டேன், தும்மலையும் சேர்த்து. அதுக்குச் சிரிச்சா. சத்தம் வராம, தோள் குலுங்க.

"பழசையே போடவா? கொஞ்சம் தூங்குறியா?"ன்னு கேட்டேன்.

வேண்டாம்னு தலையாட்டினா. 'இதைப் போடு. முழிச்சிருந்து கேக்கணும்.' மூணு தடவை கேட்டா, கண்ணை மூடவே இல்ல. உன்னை வரச் சொல்லுன்னு எழுதினா. சாயங்காலம் போன் போட்டேன், நீயும் எடுத்தே. உனக்கு ஒரு நாள் பயணம், அவளுக்கு அரை நாள்தான் இருந்துச்சு.

மொத கடுதாசியில என் பல்லைப் பத்தி எழுதாம அவ வியாதியைப் பத்தி நேரா எழுதியிருந்தா நீ வந்திருப்பே. அவகிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, அவளே உன்னைக் கூப்பிட்டிருப்பா. அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல நான் விளையாடிக்கிட்டே நின்னுட்டேன். மன்னிச்சுக்கோ. இந்த வார்த்தையை நான் எழுதுறது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில அவ நோட்டுல ஒரு பக்கம் உனக்குன்னு எழுத ஆரம்பிச்சா. அதைக் கிழிச்சு இதோட வெச்சிருக்கேன். 'தம்பி, அன்னிக்கு நான் சிரிச்சது'ன்னு இருக்கும். அவ்வளவுதான். அதுக்கு மேல பென்சில் போகல.

மீதியை நானே எழுதி முடிச்சிடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அவ கையெழுத்து எனக்கு அச்சா வரும், உனக்குச் சந்தேகமே வந்திருக்காது. வேண்டாம்னு விட்டுட்டேன். இருக்கிறபடியே அனுப்புறேன்.

அத்தான்