தினேசு, உன் ஒரிஜினல் எல்லாம் என்னிடம் இருக்கிறது

என் உயிர் மச்சான் தினேசுக்கு,

கிடைச்சிருச்சுடா மச்சான், எல்லாமே கிடைச்சிருச்சு, நீ எடுத்த அத்தனை வீடியோவும் ஒன்றுகூடக் கெடாமல் புது டிஸ்க்கில் ஏறிவிட்டது, இனி அந்தாளை நான் விடப்போவதில்லை!

இரு, மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஹாலிஎல வளைவில் உன் பைக்குக்கு முன்னால் லாரி வந்ததைப் பற்றி நான் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியட்டும்.

உன் கருமாதிக்கு பதுளை டவுன் ஸ்டூடியோ முதலாளி வந்தார், பெரிய மாலையோடு. "மகன் ஞாபகமா ஒரு வீடியோ செஞ்சு தாரேம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்லி, நீ பையிலேயே வைத்துக்கொண்டு திரிவாயே, அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனார். அத்தை அவருக்கு இலை போட்டுப் பரிமாறி அனுப்பினார்கள்.

ஞாபக வீடியோ வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய யூடியூப் சேனலில் வந்தது உன் தங்கச்சி கல்யாணம். அடுத்து கொஸ்லந்த கோயில் தேர். அடுத்து நாம் நனைந்துகொண்டே எடுத்த தேயிலைக் கொழுந்து மலை மழை. எல்லாவற்றிலும் தங்க நிறத்தில் ஒரு மயில் லோகோ. கேமரா: அவர் பெயர்!

அது மட்டும் என்றால்கூட நான் கத்திவிட்டு விட்டிருப்பேன். கல்யாண வீடியோவில் உங்கப்பா தப்பு மேளச் சத்தத்துக்கு ஆடுவாரே, அடுத்த வருசமே போய்ச் சேர்ந்த மனிதர், அவர் ஆடி நமக்கு இருப்பது அந்த ஒரே காட்சிதானே. மயில் சரியாக அவர் முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அத்தை போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள், சாய்த்தால் மயில் நகர்ந்துவிடும் என்பது போல. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். உனக்குப் புரிகிறதா?

நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"என்னா தம்பி, பாஸ்போர்ட் படமா?"

"தினேசு வீடியோ. அவன் பேரப் போடுங்க."

"அவன் என்கிட்ட வேல பார்த்த பையன். நான் குடுத்த கேமரா, நான் சொல்லி எடுத்தது."

"ஒரு நாள்கூட ஒங்ககிட்ட வேல பார்க்கல. வேல கேட்டு வந்தப்ப, தோட்டத்து லயத்துப் பயலுக்குக் கேமரா எதுக்குன்னு வாசலோட அனுப்புனது நீங்கதான்."

அந்தாள் சிரித்தார். "ஒரிஜினல் இருந்தாக் காட்டு. இல்லாட்டி ஒதுங்கு, கஸ்டமர் நிக்கிறாங்க."

அந்தச் சிரிப்பைத் தெமோதரை வரைக்கும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தேன். ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று அந்தாளுக்குத் தெரியாது. லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பிராவில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாமே கட்டிய சர்வரில் இருக்கிறது. இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே பொருள். ஒன்று செத்தாலும் மற்றது பேசும். ஆனால் அதில் ஒன்று நிஜமாகவே சாகத் தொடங்கியிருந்தது. இடமும் நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க் இரண்டு வாங்கினேன். செய்யும் முறை நமக்குத் தெரிந்ததுதான்: கெட்டதைக் கழற்று, அந்த இடத்தில் புதியதைப் போடு, நல்லது தன்னிடம் உள்ளதை அதற்குக் கொடுக்கும். பிறகு நல்லதையும் மாற்று.

கெட்ட டிஸ்க்கின் நம்பரை ஸ்கிரீன் காட்டியது. மூடியைத் திறந்தேன். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள், முன்பாதி நம்பர் இரண்டுக்கும் ஒன்று. கடைசி நாலு இலக்கம்தான் வேறு. அந்த நாலின் மேல்தான், இரண்டிலும், உன் சந்தனமும் குங்குமமும்!

ஆயுத பூஜையன்று நீ மூடியைக் கழற்றி வைத்த பொட்டு. "பேக்டரி மெசினுக்கு வைக்கிறோம், லாரிக்கு வைக்கிறோம், இது மட்டும் என்னா பாவம் செஞ்சிச்சு?" என்று கேட்டாயே. உன் விரல் ரேகைகூட அதில் தெரிகிறது. எனக்கு அழிக்க மனசு வரவில்லை. மேலே இருப்பதுதான் கரகரக்கிறது என்று காதை வைத்து நானே முடிவு செய்து, அதைக் கழற்றினேன்.

தப்பு. நான் கழற்றியது நல்லதை.

சாகிற டிஸ்க் புதியதற்குக் கொடுக்கத் தொடங்கி, பதினொரு சதவீதத்தில் நின்றது. டக், டக் என்று ஒரு சத்தம். என் முட்டாள்தனத்தால் உங்கப்பாவை இரண்டாவது தடவை கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மெசினை நிறுத்தினேன். சட்டை முனையை ஈரமாக்கி, இரண்டு பொட்டையும் துடைத்தேன். துடைக்கும்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதா உனக்கு?

நம்பர் தெரிந்தது. கெட்டதைக் கழற்றி, நல்ல டிஸ்க்கைத் திரும்பப் போட்டேன். கழற்றி வைத்திருந்ததால் அதில் எதுவும் கெடவில்லை. காலையில் தொடங்கியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு நூறு சதவீதம். கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை, நம் லயத்தில் இது நடக்கிற காரியமா?

முதலில் திறந்தது தங்கச்சி கல்யாணம். படம் வருவதற்கு முன்னால் உன் குரல்: "தெமோதரை, மேல் லயம், நாலாம் காம்பிரா, கல்யாண வீடு. கேமரா தினேசு!"

ஒவ்வொரு வீடியோவின் ஆரம்பத்திலும் நீ இப்படித்தான் சொல்வாய். "நீ என்னடா ரேடியோவா?" என்று நான் கிண்டல் செய்வேன். "நமக்கு ஏது மச்சான் அட்ரஸ்? லெட்டர்கூட தோட்டத்து ஆபீசுக்குத்தான வருது. வீடியோலயாவது இருக்கட்டும்" என்பாய். அந்தாள் ஒவ்வொன்றிலும் அதைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார். என்னிடம் வெட்டாதது இருக்கிறது. அத்தனையிலும் உன் குரல் இருக்கிறது. ஒரிஜினலைக் காட்டு என்றாரே, காட்டுகிறேன்.

அத்தையைக் கூட்டி வந்து காட்டி, இதை ஊருக்கே திரை கட்டி ஓட்டப்போகிறேன் என்றேன். போன வாரம் வரை "விடுப்பா, பெரிய எடத்து ஆளு" என்றவர்கள். ஸ்கிரீனில் விரல் வைத்து உங்கப்பாவின் முகத்தைத் தொட்டார்கள். மயில் இல்லை, பல் தெரியச் சிரிக்கிறார். பிறகு சொன்னார்கள்: "அந்த மயில்காரனுக்கும் சொல்லி அனுப்பு. மொத வரிசையில நாற்காலி போடு. எம்மகன் தம் பேரச் சொல்ற ஒவ்வொரு தடவையும் அவன் மொகத்த நான் பார்க்கணும்."

சொல்லி அனுப்பிவிட்டேன் மச்சான், நாற்காலியும் ஒதுக்கிவிட்டேன். வருகிற ஞாயிறு இருட்டியதும் ஏழு மணிக்கு, நம் கோயில் முன்னால் திரை கட்டி, ஒன்று விடாமல் ஓட்டப்போகிறேன். இதைப் படிக்கிறவர்களே, தெமோதரை, ஹாலிஎல, கொஸ்லந்த, தினேசு உங்கள் வீட்டுக்குக் கேமராவோடு வந்திருந்தால் நீங்களும் வாருங்கள். வர முடியாதவர்கள் இதைப் பகிருங்கள். அந்த மயில் வீடியோக்களில் உங்கள் வீடு தெரிந்தால், கீழே திட்ட வேண்டாம். உங்கள் லயத்தையும் காம்பிராவையும், கேமரா யார் என்பதையும் மட்டும் எழுதுங்கள். அது போதும், அந்தாளுக்கு அதுதான் வலிக்கும்.

உனக்கு ஒரு சத்தியம். அந்தாள் தன் வாயால் உன் பெயரைச் சொல்லும் வரைக்கும் இந்த மெசினை நான் அணைக்க மாட்டேன். வருகிற ஆயுத பூஜைக்குப் புது டிஸ்க் இரண்டுக்கும் பொட்டு வைப்பேன், நம்பருக்குப் பக்கத்தில்.

தெமோதரை, மேல் லயம், ஏழாம் காம்பிரா,
உன் மச்சான் சுரேன்.