ஆஸ்லின் பாதியில் விட்ட பாய்

பிப்ரவரி 6, 2024

சிட்டு, நீ போய் நாற்பத்திரண்டு நாள். காய்ச்சல் என்று மூன்றே நாள் படுத்தாய். நீ பாதி முடைந்த ஓலைப்பாய் சுவரோரம் அப்படியே கிடக்கிறது. கருவாடு காயப்போட ஜெயபால் கேட்டிருந்த பாய். நான் அதைத் தொடுவதில்லை. சுற்றிப் பெருக்கிவிடுகிறேன். என் மகள் ஆஸ்லின் கை கடைசியாகப் பட்டது அதுதானே.

பிப்ரவரி 9

கஞ்சி குடித்தேன்.

பிப்ரவரி 12

மதுரையிலிருந்து பூங்கோதை என்று ஒரு பெண் கேமராவோடு வந்திருக்கிறது. நம் தீவில் சனங்கள் அன்றாடம் செய்கிற வேலையைப் படம் எடுக்கிறதாம். வலை, கருவாடு, ஓலை முடைவது. பிரெசில்லா மதினி நேரே இங்கே கூட்டிவந்துவிட்டாள்.

"இவ கையப் படம் புடிங்க. நாங்க முடைஞ்சா கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

"இப்ப முடையிறதில்ல" என்றேன்.

பிப்ரவரி 14

திருநீற்றுப் புதன். கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசினார்கள். வந்தேன்.

பிப்ரவரி 17

அந்தப் பெண் மறுபடி வந்தது. "சும்மா மடியில வச்சுக்கிட்டு உக்காருங்கக்கா, போதும்." சரி என்றேன். காய்ந்த ஓலை ஒடியும் என்று பாய் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். பழக்கம். மதினி பக்கத்தில், "ஏ லீமா, மூஞ்சிய அப்புடி வைக்காத, கேமரா பயந்துரும்" என்றாள். அதுவரை காதில் விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. நீ கீறி வைத்திருந்த ஓலையை எடுத்து எடுத்து — கை தானாகப் போயிருக்கிறது. நிமிர்ந்தபோது ஒரு முழத்துக்கு மேல் முடைந்திருந்தேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்.

பிப்ரவரி 18

பாய் காய்ந்துவிட்டது. எல்லாம் ஒரே நிறம். விரலால் தடவிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த கைதானே உனக்கு, இறுக்கம்கூட ஒன்றுதான். பூங்கோதைக்குப் போன் போட்டேன். தொடங்கும்போது எடுத்த படத்தில் பாய் தெரியுமா, நீ விட்ட இடம் தெரியுமா என்று கேட்டேன்.

"முகமும் விரலும்தான் எடுத்தேன்க்கா. மன்னிச்சிருங்க."

அது அழுதது. எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 21

வெயில். தலை சீவினேன்.

பிப்ரவரி 24

ஓரம் மடித்து முடித்துவிட்டேன். ஜெயபால் வாங்கிப்போக வந்தார். "இது வேணாம்ண்ணே, வேற முடைஞ்சு தாரேன்" என்றேன். ஒரு கட்டு ஓலை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாயை விரித்து அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் உட்கார்ந்திருப்பது நீ முடைந்த பக்கமா, நான் முடைந்த பக்கமாடி, சிட்டு?