சுவரில் இருக்கிற மாமனார்

ஜூன் 4
என் வீட்டுக்காரர் செத்துப் போய் இருபது நாள். இன்னிக்கு வேலைக்குப் போனேன். நடிகர்கள் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. ஆனா என்னைப் பார்த்தாலே எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. டி.வி.க்குச் சிரிப்புத் தொடர் எடுக்கிற கம்பெனியா, ஆஸ்பத்திரியா இது?

ஜூன் 5
அவர் இறந்த செய்தி படத்தோட பேப்பரில் வந்தப்போ, நாலு பேர் போன் பண்ணிச் சிரிச்சாங்க. "தொடருக்கு விளம்பரமா அக்கா?" பின்னே? பதினோரு வருஷமா தொடரில் செத்துப்போன மாமனார் போட்டோ அவர்தானே. வாராவாரம் மருமகள் அதைப் பார்த்துத் திட்டுவாள், ஊரே சிரிக்கும். நானும் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

கம்பெனி ஆரம்பிச்சப்போ மூணே பேர் – டைரக்டர் தம்பி, கேமராக்காரர், தச்சு வேலைக்கு இவர். எங்க சோபாதான் முதல் செட்டு. எங்க வாசல் கதவும் போச்சு. ஒரு மாசம் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுக் குடும்பம் நடத்தினோம். செத்தவனா போட்டோ கொடுக்க ஒருத்தரும் வரல. "நான் உக்கார்றேன், ஆயுசு கூடும்"னார். பொய்யர்.

ஜூன் 9
டைரக்டர் தம்பி போட்டோவைக் கழட்டிட்டார். "உங்க மனசு நோகக் கூடாதுக்கா." அந்த இடத்துல ஒரு கடிகாரம்! கடிகாரத்தை எவ திட்டுவா? வீட்டுலயும் ஆள் இல்ல, அங்கயும் இல்லேன்னா நான் எங்கதான் போய்ப் பார்க்கிறது? ஒரு சட்டையைக் கருக்கினேன்.

ஜூன் 10
போட்டோவை மாட்டுங்கன்னு கேட்டுட்டேன். திரும்ப மாட்டினார்.

ஜூன் 11
மாட்டி என்ன? மருமகளா நடிக்கிற பொண்ணு போட்டோவைப் பார்த்ததும் தேம்புது. மூணு டேக் வீண். "போனவரை எப்படிக்கா திட்டுவேன்?" டைரக்டர் தம்பி மறுபடி கடிகாரத்தைக் கையில எடுத்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ – நேரா செட்டுக்குள்ள போய், இடுப்புல கை வெச்சு, போட்டோ முன்னாடி நின்னேன்.

"யோவ்! ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதேன்னு முப்பது வருஷம் கத்தினேனே, கேட்டியா? உன் குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் தெருவையே மாத்திக்கிச்சு. நாலு நாற்காலி செஞ்சே, நாலும் நாலு உயரம்! போறப்ப மட்டும் சத்தமே போடாம போயிட்டியே – எவ சொல்லிக் குடுத்தா உனக்கு?"

திரும்பினா கேமரா ஓடுது. கேமராக்காரர் தோள் குலுங்குது. லைட்டுக்காரர் விழாம ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பொண்ணு மூக்கைச் சிந்திக்கிட்டு, "அக்கா, இன்னொரு தடவை!" வெட்கம் பிடுங்கித் தின்னுது. சிரிப்பையும் அடக்க முடியல.

அடுத்த டேக்கில் பொண்ணு பிச்சு உதறிட்டா.

ஜூன் 20
சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் நோட்டோட என் இஸ்திரி மேஜைக்கு வந்துடறா அந்த மருமகள் பொண்ணு. இன்னிக்கு ஏழு திட்டு குடுத்தேன். எட்டாவது ஒண்ணு இருக்கு – அதைக் குடுக்கல. அது வீட்டுக்கு.