நான்கு வருடம் தாமதமாகப் போன கல்யாணப் பத்திரிகை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள அர்ச்சனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் உன் தம்பி சேவுகனும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சீதாலெட்சுமி நம் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு நேற்றுத்தான் காரைக்குடிக்குப் போனாள். ஆமாம், மதுரை ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த அதே சீதாதான், உன் கல்யாணத்துக்கு வராதவள்.

தப்பு என்னுடையதுதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இங்கிருந்து காரைக்குடி போய் இறங்கினோம், அவள் வீடு நான்கு தெரு தள்ளி, நேரில் போய்ப் பத்திரிகை வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், நம் சீதாதானே என்கிற நினைப்பு. வீடு தேடிப் போய்ச் சொல்லாத கல்யாணத்துக்கு நம்மவர்களில் யார் வருவார்கள். அவள் வரவில்லை, அதற்கப்புறம் நான்கு வருடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. உனக்குச் சொன்னதில்லை, ஆனால் இந்த ஊரில் எத்தனை பேர் பழகினாலும் அவள் இல்லாதது எனக்குப் பல்வலி மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

போன வாரம் ஹாஸ்டல் குரூப்பில் மலர் ஒரு படம் போட்டாள், சீதா ஏதோ டூர் கோஷ்டியோடு கிள்ளானில் ஒரு ஹோட்டலில் நிற்கிறாள். ஒரு ராத்திரிதான் அங்கே, மறுநாள் காலை எட்டு மணிக்கு பஸ் ஜெண்டிங் மலைக்குப் போகிறது, அதன் பிறகு சிங்கப்பூர். போகாதே, நாற்பது பேர் முன்னால் அவமானப்படுவாய் என்றார் அப்பா. பட்டால் படுகிறேன் என்றேன். உன் கல்யாணப் பத்திரிகையில் மிச்சம் ஒன்று பீரோவில் இருந்தது, நான்கு முனையிலும் மஞ்சள் தடவினேன். வெள்ளித் தட்டு காரைக்குடி லாக்கரில் கிடக்கிறது, எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, கற்கண்டு, குங்குமம் வைத்துப் பட்டுப் புடவையும் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிராப் டாக்ஸியில் ஏறிவிட்டேன். டிரைவர் விஜயன், கிள்ளான் பக்கம் காப்பார் ஊர்ப் பையன், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். நடந்து நான்கு வருடமாகிறது என்றேன். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, "பரவால்ல லா ஆன்டி, லேட்டானாலும் போய்ச் சொல்லிடுவோம்" என்று வண்டியை மிதித்தான்.

ஹோட்டல் வாசலில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சீதா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தட்டை நீட்டி, "என் மக அர்ச்சனாவுக்குக் கல்யாணம், அண்ணனும் நீயும் முன்னாடியே வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்" என்று முறைப்படி சொன்னேன். அவள் பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். "இது முடிஞ்சு நாலு வருஷமாச்சேடி உமையாள்" என்றாள். எனக்கு இன்றைக்குத்தான் புத்தி வந்தது, வருகிறாயா இல்லையா சொல் என்றேன். அவள் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு டூர் கைடிடம், "தம்பி, என் பெட்டிய இறக்குங்க, நான் கல்யாண வீட்டுக்குப் போறேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன், அவளும்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நான்கு நாளும் வீடு கல்யாண வீடுதான். சேவுகன் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தான். அவமானப்படுவாய் என்று சொன்ன மனிதர் லீவு போட்டுவிட்டுத் தேங்காய் துருவினார். கும்மாயம், பால் பணியாரம் எல்லாம் செய்தேன், இனிப்பு குறைவு என்று பழையபடி குறை சொன்னாள், காதுக்கு அத்தனை இதமாக இருந்தது.

கிளம்புகிற அன்று பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளிக் குங்குமச் சிமிழ், மூடியில் உன் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. அப்போதே வாங்கினேன், நீ வந்து கூப்பிடுவாய் என்று கல்யாணத்தன்று காலை வரை புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

சிமிழை உனக்கு அனுப்புகிறேன், பத்திரம். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த மாதம் உன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாயே, சீதா பெரியம்மாவுக்கு மெசேஜ் அனுப்பாதே. நீயே கூப்பிட்டு, உன் வாயால் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
உமையாள் கண்ணப்பன்